பூவரசுக்கு வடக்கே நாலு பாகம்

இராசமலருக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல இருந்தது. மூன்று வாரமாக விடியமுன் எழும்பி, அலவாங்குக் கம்பி போட்டுப் பனங்கிழங்குப் பாத்தியைக் கிண்டியவள் அவள்தான். கிழங்கைத் தோல் உரித்து, இரண்டாகக் கிழித்து, ஒடியலாகக் காயப் பாயில் பரப்பியவளும் அவள்தான். தாய் பூரணத்தால் குனிய முடியும். குனிந்தால் நிமிர முடியாது. அதனால் குனிந்து நிமிர்கிற வேலை எல்லாம் மகளோடு போயிற்று. விரல் நுனிகள் வெடித்துக் கிடந்தன. தண்ணீர் பட்டாலும் எரிந்தது.

அந்த இடுப்பைக் கையால் பிடித்துக்கொண்டு திங்கட்கிழமை காலை முற்றத்தில் இறங்கினாள். முதல் அடி மண்ணில் பட்டது. இரண்டாவது அடி நாய்ப்பீயில் பட்டது.

அவள் கத்தவில்லை. காலைத் தூக்கிப் பார்த்தாள்… முற்றத்தைப் பார்த்தாள். நேற்று மாலைதான் சாணம் கரைத்து மெழுகிய முற்றம். ஒடியல் பாயிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. இது மூன்றாவது தரம்.

நாய் ஆருடையது என்று விசாரிக்கத் தேவையில்லை. உடுப்பிட்டி முழுவதிலும் அந்தப் பருமனில் ஒரு நாய்தான் இருந்தது. பக்கத்து வளவு அருளம்பலத்தார் மலாயா றெயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவர். காங்கேசன்துறையில் இருந்த ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது விட்டுப்போன நாயைக் கொண்டுவந்து, புலியென்ற அர்த்தத்தில் ரைகர் என்று கூப்பிட்டு வளர்த்தார். ரைகருக்குப் பால் உண்டு, முட்டை உண்டு. கட்டு மட்டும் கிடையாது. துரை வளர்த்த நாயைக் கட்டினால் அது பட்டினி கிடந்து செத்துப்போகும் என்பார். விடிய அவர் கதவைத் திறந்துவிட, அது வேலியில் ஓலை இற்று விழுந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து, அடுத்த வீட்டு முற்றத்தில் காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பி ஓடும். அருளம்பலத்தாரின் வளவு எப்போதும் துப்புரவாகத்தான் இருக்கும்.

இராசமலர் காலைக் கழுவினாள். ஒரு பனையோலைத் துண்டை எடுத்து, கிடந்ததை அதில் அள்ளினாள். ஒழுங்கையால் சுற்றிப் போய் அருளம்பலத்தாரின் படலையைத் தட்டினாள்.

திறந்தவன் அருளம்பலத்தார் இல்லை. முன்பின் கண்டிராத ஒருத்தன். வெறும் மேல், தோளில் துவாய், கையில் கோடரி. நித்திரை காணாத கண்கள்… ஆனால் என்ன கறுப்பு அது. இறைத்து ஓய்ந்த கிணற்றின் அடியில் திரும்பவும் ஊறிவருமே, அந்தத் தண்ணீரின் கறுப்பு. அந்தக் கண்களை அவள் எதிர்பார்த்து வரவில்லை. வரும் வழியில் அடுக்கி வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கோ குலைந்துபோக, வாயில் வேறு பேச்சு வந்தது.

“உங்கடை சாமான் ஒண்டு எங்கடை வளவிலை கிடந்தது. தவறவிட்டிட்டியள் போலை கிடக்கு. கொண்டந்தனான்.”

அவன் ஓலையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“என்ரை இல்லை,” என்றான் மெதுவாக. “ரைகரின்ரை.”

“ரைகருக்குக் கை இல்லை. ஆரேன் வாங்கத்தானே வேணும்.”

அவன் கோடரியைப் படலையில் சாத்திவைத்தான். கலியாண வீட்டில் தாம்பாளம் வாங்குகிறவனைப்போல இரண்டு கையையும் நீட்டி அந்த ஓலையை வாங்கினான். சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. காது மடல் மட்டும் சிவந்துபோயிருந்தது. சண்டைக்கு வந்தவளுக்கு இப்போது சண்டையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உள்ளே விறாந்தையிலிருந்து அருளம்பலத்தாரின் குரல்தான் அவளுக்குக் கைகொடுத்தது. ஆர் அது, என்ன சங்கதி என்று கேட்டவர், கேட்டு முடியமுன்னமே தீர்ப்பும் சொன்னார். இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலி காணி உறுதிப்படி சரிபாதி. வடக்கு மூலையிலிருந்து பூவரசு மரம் வரைக்கும் பூரணம் வீட்டுப் பங்கு. பொட்டு இருப்பது பூவரசுக்கு வடக்கே. தங்கள் வேலியை அடைக்காமல் நாயைக் குறை சொல்ல வந்துவிட்டார்கள் என்றார்.

அவளுக்கு முகம் எரிந்தது. அந்தப் புதியவன் முன்னால் கேட்கவேண்டிய பேச்சா இது… திரும்பிப் பாராமல் நடந்தாள். அவன் ஓலையோடு அப்படியே நிற்கிறான் என்பது திரும்பாமலே தெரிந்தது.

அவன் யார் என்பதைத் தாய்தான் பிறகு சொன்னாள். அருளம்பலத்தாரின் தங்கச்சி மகன், தொண்டைமானாற்றுப் பொடியன், சிவசுப்பிரமணியம், வீட்டில் மணியம். மலாயாவில் றப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தான். றப்பர் விலை விழ, தோட்டம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மாமன் வீட்டுக்கு வந்து ஐந்து நாள். மூன்று வேளைச் சோற்றுக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறான், விறகு கொத்துகிறான், நாயைக் குளிப்பாட்டுகிறான். பாவம் அந்தப் பிள்ளை என்று முடித்தாள் பூரணம்.

“பாவமெண்டால் நாயைப் பிடிச்சுக் கட்டட்டும்,” என்றாள் இராசமலர். சொல்லிவிட்டு, அந்தச் சிவந்த காதை ஏன் நினைக்கிறேன் என்று தன்மேலேயே கோபப்பட்டாள்.

அன்று மத்தியானம் நமசிவாயம் வந்தார். பருத்தித்துறை வியாபாரி. வருஷா வருஷம் அவர்களுடைய ஒடியலை வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். இரண்டு பெண்கள் ஒரு வருஷம் சாப்பிடுவதும் உடுப்பதும் அந்த ஆறு பாய் ஒடியலில்தான் இருந்தது. அவர் ஒரு துண்டை எடுத்து முறித்துப் பார்த்தார். சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து ரைகர் பொட்டுக்குள்ளால் வந்தது. இரண்டு பாய்க்கு நடுவால் நடந்து, மூன்றாவது பாயை மோந்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் குந்தியது.

நமசிவாயம் கையிலிருந்த ஒடியலைத் திரும்பவும் பாயில் வைத்தார். வாயில் வைக்கிற சாமான், அக்கை, என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நாய் திரியும் வளவில் காய்ந்ததை வாங்கினார் என்று சந்தையில் ஒரு வாய் கதைத்தால் அவர் வியாபாரத்தை விட்டுவிட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவார். அதற்குள் நாய் வருகிற வழியை மறித்தால் எடுப்பார். இல்லாவிட்டால் இந்த வருஷம் வேண்டாம்.

வேலியடைக்க ஓலை வேண்டும். ஆள் வேண்டும். தகப்பன் செத்து இரண்டு வருஷமாக இரண்டும் இல்லை. பூரணம் அன்று சோறு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மழை வந்தது.

தை மாதத்தில் வரக்கூடாத மழை. வடக்கே கடல்பக்கம் கறுத்து, ஒரு குளிர்காற்று அடித்து, இரண்டு துளி அவள் கழுத்தில் விழுந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். தாய் செத்தவீடொன்றுக்குப் போயிருந்தாள். ஆறு பாய்… ஒரு ஆள். நனைந்தால் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒரு பாயை இழுத்தாள், இடுப்பு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் இழுக்க, பாய் திடீரென்று இலேசாக எழும்பியது. மறு தலைப்பை மணியம் பிடித்திருந்தான். முழங்காலில் மண், தலைமுடியில் காய்ந்த ஓலைத் தும்பு.

கதைக்க நேரம் இருக்கவில்லை. இரண்டு பேரும் ஒரு பாயைத் தூக்கிச் சமைக்கிற குசினிக்குள் வைப்பதும் அடுத்ததற்கு ஓடுவதுமாக இருந்தார்கள். ஆறாவது பாய் உள்ளே போகும்போது மழை முற்றத்தில் இறங்கிவிட்டது. குசினித் தாழ்வாரத்தில், ஒருவருக்கொருவர் மூன்று முழம் விட்டு, சுவரோடு ஒட்டி நின்றார்கள். அவன் இமையில் ஒரு துளி தொங்கிக்கொண்டு நின்றது. விழப்போகிறது, விழப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவள், அவனும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு சட்டென்று மழையைப் பார்த்தாள்.

“ஆர் உங்களை வரச்சொன்னது?”

“ஒருத்தரும் இல்லை.”

“எங்கடை வீட்டுக்குப் படலை எண்டு ஒண்டு இருக்கு.”

“ஓம். ரைகரின்ரை வழிதான் கிட்ட.”

சிரிப்பு வந்துவிட்டது. அதை உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முழுதாக அடங்கவில்லை. அவன் அதைக் கண்டுகொண்டான்… கண்டவன் போலக் காட்டவில்லை.

நாயைக் கட்டத் தனக்கு அனுமதி இல்லை என்றான். ஆனால் பொட்டை அடைக்க ஒருவருடைய அனுமதியும் வேண்டாம், விடிய வந்து தானே அடைத்துவிடுகிறேன் என்றான். அவ்வளவு நேரமும் இளகிக்கொண்டு வந்த அவள் மனம் அந்த இடத்தில் கல்லாயிற்று.

“அது எங்கடை பங்கு. உங்கடை மாமா சொன்னது கேக்கேல்லையே. ஐயா இருக்குமட்டும் அவர்தான் அடைச்சவர். ஆளில்லாத வீடெண்டு நீர் இரங்கி வந்து அடைக்கத் தேவையில்லை.”

நீங்கள் என்று தொடங்கியவள் கோபத்தில் நீர் என்று இறங்கியதை இருவருமே கவனித்தார்கள். அவன் மழைக்குள்ளால் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வடக்கு மூலையைப் பார்த்தான். தெற்கு மூலையைப் பார்த்தான். பிறகு பூவரசைப் பார்த்தான்.

“உந்தப் பூவரசுதான் நடுவெண்டு ஆர் சொன்னது?”

“எல்லாரும்.”

“எல்லாரும் எண்டால்?”

அவளும் பூவரசைத் திரும்பிப் பார்த்தாள். மழை விட, அவன் வந்த வழியாலேயே குனிந்து போனான்.

புதன்கிழமை காலை அவன் இரண்டு கிணற்றுத் துலாக் கயிற்றை ஒன்றாக முடிந்து எடுத்துக்கொண்டு வடக்கு மூலைக்கு வந்தான். அங்கே ஒரு முனையைக் கட்டி, வேலியோடு நடந்து தெற்கு மூலை வரைக்கும் இழுத்தான். மறு முனையில் ஒரு முடிச்சுப் போட்டான். திரும்பி வந்து கயிற்றைச் சரிபாதியாக மடித்தான். மடிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கிலிருந்து திரும்பவும் அளந்துகொண்டு வந்தான். பூரணம் தன் பக்கத்தில் வந்து நின்றாள். அருளம்பலத்தாரும் தன் பக்கத்தில் வந்து நின்றார். இராசமலர் குசினி வாசலை விட்டு வரவில்லை. ஆனால் கண் கயிற்றோடுதான் போயிற்று.

மடிப்பு பூவரசுக்கு வரவில்லை. பொட்டுக்கும் வரவில்லை. இரண்டு கையையும் விரித்து அளந்தால் பூவரசுக்கு நாலு பாகம் வடக்கே, வேலிக் காலாக நட்டுப் பட்டுப்போன ஒரு கிளுவைக் கதியாலடியில் வந்து நின்றது. அந்த நாலு பாகத்துக்கும் நடுவில்தான் பொட்டு இருந்தது.

“சரிபாதியெண்டால் உது எங்கடை பங்கு, மாமா,” என்றான் மணியம். “நாய் எங்கடை வேலியாலைதான் வந்து போகுது.”

அருளம்பலத்தார் அவனைப் பார்த்தார். “என்ரை சோத்தைத் திண்டுகொண்டு என்ரை வேலியை அளக்கிறாய், என்னடா?”

அவன் குரல் உயரவில்லை. “ஓம், மாமா. திண்டுபோட்டுத்தான் அளந்தனான்.”

அவர் தானே கயிற்றை வாங்கி அளந்து பார்த்தார். றெயில்வேயில் இருந்தவர், அளவை மறுக்க அவரால் முடியவில்லை. அப்படியென்றால் இத்தனை காலமும் பூவரசு வரைக்கும் ஏன் இவர்கள் அடைத்தார்கள் என்று கேட்டார். அதற்குப் பூரணம்தான் வாய் திறந்தாள். அவளுக்கும் அப்போதுதான் விளங்கி வந்தது.

அருளம்பலத்தார் மலாயாவில் இருந்த காலம் அது. இங்கே அவருடைய தாய் தனிய. வேலியடைக்க வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. ஒரு மாசி மாதம் பூரணத்தின் புருஷன் பொழுதுபட்டு வந்தார். கை முழுக்கக் கீறல். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க, அந்த மனிசி பாவம், அவவின்ரை பங்கிலையும் கொஞ்சம் சேர்த்துக் கட்டிப்போட்டு வந்தனான் என்றார். அந்த வருஷத்துக்கு மட்டும் என்றுதான் பூரணம் நினைத்தாள். அவர் ஒவ்வொரு வருஷமும் கட்டியிருக்கிறார். கட்டியதைச் சொல்லவே இல்லை. கண்டவர்கள் பூவரசுதான் எல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் பெற்ற பிள்ளையும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

“எத்தினை வருஷம்?” என்று கேட்டார் அருளம்பலத்தார்.

“அவர் சாகுமட்டும். பதினொரு வருஷம்.”

அருளம்பலத்தார் பட்டுப்போன கதியாலைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். மத்தியானம் அவர் வீட்டுப் பின்புறத்து ஓலைக் குவியலிலிருந்து நூறு ஓலை வேலியடிக்கு வந்தது. பலாமரத்தடியில் சங்கிலியும் கட்டப்பட்டது. கட்டினால் பட்டினி கிடக்கும் என்ற நாய் அன்று பின்னேரமே இரண்டு கோப்பை சோறு தின்றதாக ஒழுங்கை முழுக்கக் கதை.

இராசமலர் அன்றைக்கெல்லாம் தகப்பனை நினைத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கக் கீறலோடு வந்து, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுப் படுத்த மனிதன். இரங்கி அடைக்கத் தேவையில்லை என்று நான் ஒருவனைப் பேசினேனே, என்ரை ஐயா பதினொரு வருஷம் வேறென்ன செய்தார்… அந்த நினைப்பு கிழங்குத் தோலைவிடக் கூடக் கீறியது.

வேலியடைப்பது ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நிற்க வேண்டும். ஒருவர் கயிறு கோத்த குத்தூசியை ஓலைக்குள்ளால் குத்திவிட, மற்றவர் கயிற்றைக் கழற்றி, குறுக்கே வைத்த வரிச்சுத் தடியைச் சுற்றித் திரும்பவும் கோத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை விடிய மணியம் தன் பக்கத்தில், தங்கள் நாலு பாகத்துக்கும் அதற்கு வடக்கே பூரணம் வீட்டுப் பங்கில் இன்னும் நாலு பாகத்துக்கும், ஓலையை நிறுத்திவிட்டு நின்றான். மாமனுக்கு முதுகு வளையாது. பூரணம் நமசிவாயத்தாரின் வண்டியை எதிர்பார்த்து ஒழுங்கைக்குப் போயிருந்தாள். இராசமலர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கேட்காமலே வந்து தன் பக்கத்தில் நின்றாள்.

குத்தூசி வந்தது. அவள் கயிற்றைக் கழற்றினாள், சுற்றினாள், கோத்தாள். இழுங்கோ என்றாள். அவன் இழுத்தான். கீழ் வரிச்சு கட்டும்போது அவன் முழு ஆளாகத் தெரிந்தான். ஓலை ஏற ஏற முதலில் கால் மறைந்தது, பிறகு இடுப்பு, பிறகு தோள். ஒவ்வொரு முடிச்சுக்கும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவதை அவள் கையாலேயே செய்துகொண்டிருந்தாள். வெயில் ஏறியது. முன்றிலில் நமசிவாயத்தாரின் வண்டி வந்து நின்றது. அவர் வேலியை நடந்து பார்த்தார், தலையாட்டினார். ஆறு பாய் ஒடியலையும் சாக்கில் அள்ளத் தொடங்கினார்கள். இந்த வருஷம் தப்பிவிட்டது.

“அண்டைக்கு உங்களைப் பேசினது பிழை,” என்றாள் ஓலையைப் பார்த்து. “மனதிலை வைக்காதேங்கோ.”

“வைச்சிருக்கிறன்,” என்றது ஓலை. “நீர் எண்டு கூப்பிட்டதை மட்டும்.”

அவள் முடிச்சைத் தவறவிட்டு மறுபடி போட்டாள்.

அடுத்த குத்தூசி வந்தது. அதோடு அவன் குரலும் வந்தது, வேறு மாதிரி. மாமா நேற்றுக் கப்பல் ரிக்கட்டுக்குக் காசு தருவதாகச் சொன்னார். மலாயாவில் தெரிந்தவர்களுக்குக் கடிதம் தருவதாகவும் சொன்னார். இங்கே தன் வீட்டில் இருந்துகொண்டு தன் வேலியை அளக்கிறவன் தேவையில்லை என்றார்.

அவள் கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது. இடுப்பு வலி, விரல் எரிச்சல், எல்லாம் எங்கோ போயிற்று… ஐந்து நாளில் ஒரு மனிசன் இவ்வளவு ஆகமுடியுமா.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“கடன் கிடக்கு, போகேலாது எண்டனான்.”

“ஆருக்குக் கடன்?”

“இந்த வீட்டுக்கு. உம்மடை ஐயா எங்கடை வேலியைப் பதினொரு வருஷம் அடைச்சிருக்கிறார். அதை அடைச்சுத் தீர்க்காமல் நான் கப்பலேறினால் அது சரியில்லை.”

“வேலி வருஷத்துக்கு ஒருக்காத்தான் அடைக்கிறது.”

“ஓம். அது தெரிஞ்சுதான் சொன்னனான்.”

ஓலைக்கும் ஓலைக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் இருந்தது. அதற்குள் ஒரு கண் வந்து நின்றது. அதே கறுப்பு. ஓடி ஒளிக்க அவளுக்கு இடமிருந்தது, அவள் ஒளிக்கவில்லை.

“இராசமலர்…” என்றான். அவள் பேரை அவன் சொன்னது அதுதான் முதல்தரம். “சோத்துக்கு மற்றவன் வீட்டிலை நிக்கிற ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு முகமில்லை. எண்டாலும் உம்மை விட்டிட்டுப் போக எனக்கு மனமில்லை. தொண்டைமானாற்றிலை ஐயாவின்ரை தோட்டக் காணி தரிசாக் கிடக்கு. கொத்துவன். கொத்தி நிமிர்ந்தாப் பிறகு அம்மாவை உங்கடை படலையாலை கூட்டிக்கொண்டு வருவன்.”

அவள் குத்தூசியை வாங்கினாள், கயிற்றைக் கோத்தாள். பொறுமையாக வரிச்சைச் சுற்றினாள். முடிச்சுப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“வாற வருஷம் அடைக்கேக்கை நீர் இந்தப் பக்கம் நிண்டு அடையும்.”

அவன் மெதுவாகக் கேட்டான்: “அப்ப இந்தப் பக்கம் ஆர்?”

“உங்கடை மாமா. வளைஞ்சு பழகட்டும்.”

வேலி முழுக்கக் குலுங்கியது. சிரிக்கிறவன் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவளுக்கும் கண் நனைந்து, அதோடேயே சிரிப்பு வந்தது. வலக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி முடிச்சை இறுக்கி, இழுங்கோ என்றாள்.

அவன் இழுத்தான். விரல் அகல வெளிச்சமும் மூடிக்கொண்டது.

பதினொரு வருஷத்தில் ஒன்று அன்றைக்குக் கழிந்தது. பத்து வருஷத்து வேலியடைப்பு, வருஷத்துக்கு நாலு பாகம், அந்த வீட்டுக்கு இன்னும் கொடுக்கக் கிடந்தது.